உங்களுக்கென்ன அண்ணையும் அணையாத பெற்றோல் லைட்டும்

முறைப்படி பொறாமைப்படத் தெரிந்தவர் என்று என் வாழ்நாளில் நான் ஒரே ஒருவரைத்தான் சந்தித்திருக்கிறேன். மற்றவர்களெல்லாம் ஏதோ தங்களால் முடிந்த அளவுக்குப் படுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கார் வாங்கினால் பொறாமைப்படுவது பெரிய காரியமில்லை. அதை யாரும் செய்யலாம். அந்தக் கார் பஞ்சராகி நிற்பதைப் பார்த்தும் பொறாமைப்பட ஒரு தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் கட்டடத்தில் பாதிப்பேருக்குத் தெரியாது. எதைக் கண்டாலும் "உங்களுக்கென்ன" என்று தொடங்குவதால் உங்களுக்கென்ன அண்ணை என்றே சொல்வோம். முகத்துக்கு நேரே வெறும் அண்ணை. ஐம்பதைத் தாண்டிய மெல்லிய மனிதர். புறக்கோட்டையில் ஒரு மருந்து இறக்குமதிக் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. தலை நிறைய மயிர் இருந்தும் மொட்டைத் தலைக்காரர்களைக் கண்டால் நின்று, "உங்களுக்கென்ன, சீப்பு வாங்கத் தேவையில்லை" என்று பெருமூச்சு விடுவார்.

மூன்றாம் மாடியில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் இருந்தார். அவருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று தெரிந்ததும் நானும் அண்ணையும் பார்க்கப் போனோம். அண்ணை ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"உங்களுக்கென்ன ஹாஜியார். கல்லெண்டா இதெல்லோ கல்லு. எனக்கு வந்தது மண் மாதிரி. டொக்டர் ஏறெடுத்தும் பாக்கேல்லை. தண்ணியைக் குடி எண்டு அனுப்பிப் போட்டார்."

அதுவரை முனகிக்கொண்டு படுத்திருந்த ஹாஜியார், அதைக் கேட்டதும் தலையணையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிவுகூட வந்தது.

அண்ணையின் மனைவி ஒரு பாடசாலை ஆசிரியை. நாங்கள் அக்கா என்போம். "இதுக்கே சிரிக்கிறீங்கள்" என்று ஒருநாள் என் மனைவியிடம் சொன்னாராம். "எங்கட கலியாணத்தண்டு மணவறையில இருந்துகொண்டு இவர் மாப்பிள்ளைத் தோழனைப் பாத்துப் பொறாமைப்பட்டவர். 'அவனுக்கென்ன, எழும்பிப் போய்ச் சாப்பிடலாம்' எண்டு என்ர காதுக்குள்ள சொன்னவர். இவர் எனக்குச் சொன்ன முதல் வசனம் அதுதான்."

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். கலியாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தைக்கு வந்தவன். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் யாருக்கும் ஒரு காரணமும் இருந்ததில்லை. எங்கள் வீட்டுக் குசினிக் கூரை சமைக்கும் சட்டிக்குள்ளேயே ஒழுகும். பின்ஜன்னலைத் திறந்தால் ரயில் உள்ளே வருவது போல இருக்கும். அண்ணை வந்து பார்த்தார். "உங்களுக்கென்ன தம்பி, மழைத்தண்ணி வீட்டுக்குள்ளயே வருது" என்றார். ரயில் போனது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, "மனிசி ஏசினாலும் பாதி கேக்காது" என்றார். அன்றைக்குத்தான் எனக்கும் இரண்டு வசதிகள் இருப்பது தெரிந்தது.

இப்படி இருக்கும்போது நான் மோட்டார் சைக்கிள் வாங்க நுகேகொடைக்குப் புறப்பட்டேன். அண்ணையும் கூடவே வந்தார். அங்கே ஒரு கடையில், ஏதோவொரு கம்பனி தன் விற்பனையாளர்களுக்குக் கொடுத்துத் திருப்பி எடுத்த பைக்குகள் நின்றன. ஒரே நிறம், ஒரே வருடம், ஒரே மாதிரி. நான் ஒன்றைத் தொட்டேன். அவர் பக்கத்தில் நின்றதைத் தொட்டார்.

"நீங்கள் வாங்கிறதையே நானும் வாங்கிறன்" என்றார். "பிறகு உங்களைப் பாத்து நான் யோசிக்க ஒண்டும் இராது."

நியாயமான திட்டம்தான். ஒரு மாதம் அது வேலையும் செய்தது. என் நம்பர் பிளேட் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வருகிறது என்ற ஒரு குறையைத் தவிர அவருக்கு என்மேல் வேறு குறையில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த லைட் வந்தது.

பைக் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னாலிருக்கும் மீற்றரில், பெற்றோல் பம்ப் படம் போட்ட மஞ்சள் லைட் ஒன்று இருக்கும். டாங்கில் பெற்றோல் அடிமட்டத்துக்குப் போனால் அது எரியும். ஊற்றினால் அணையும். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். அண்ணையின் பைக்கில் அது ஒரு காலை எரியத் தொடங்கி, பிறகு அணைய மறுத்துவிட்டது. டாங்க் வழிய வழிய ஊற்றினாலும் எரிந்தது.

கீழே பார்க்கிங்கில் என் பைக்குக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"தம்பி, உங்கடை எரியுதோ?"

"இல்லையண்ணை. பெற்றோல் இருக்கு."

"என்ரேலயும் பெற்றோல் இருக்கு. எரியுது." கொஞ்ச நேரம் என் மீற்றரையே பார்த்தார். "உங்களுக்கென்ன. உங்களோட அது மரியாதையா நடக்குது."

இரண்டு கராஜுக்குப் போனார். ஒருவர் மீற்றரை முழுதாக மாற்றச் சொன்னார். மற்றவர், பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு நிம்மதியாக ஓடுங்கள் என்றார். நல்ல யோசனை என்று நானும் சொன்னேன்.

"கழட்டினா உங்கட பைக்கில லைட் இருக்கும், என்ரேல இராது. அது சரி வராது" என்றார்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை நாங்களே பழுது பார்ப்பது என்று முடிவானது. நான் முதல்நாளே போனில் ஒரு வீடியோ பார்த்து ஆயத்தமாக இருந்தேன். டாங்கின் அடியில் சென்சர் ஒன்று பெற்றோலுக்குள் மூழ்கியபடி இருக்கும். பெற்றோல் அதற்குக் கீழே இறங்கினால் லைட் எரியும். ஆனால் சென்சருக்குப் போகும் வயர் வழியில் எங்காவது தோல் உரிந்து பைக்கின் இரும்பில் முட்டினாலும் லைட் ஏமாந்து எரியும். எது பழுது என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருந்தது. சென்சரிலிருந்து வயரைக் கழற்ற வேண்டும். லைட் அணைந்தால் சென்சர் பழுது. அணையாவிட்டால் வயர் பழுது.

கழற்றினேன். லைட் அசையாமல் எரிந்தது.

"அண்ணை, சென்சர் நல்லம். வயர்தான் எங்கயோ முட்டுது."

"அது நீங்கள் சொல்லுறது" என்றார் அண்ணை. "உங்கட சென்சரை என்ரேல போட்டுப் பாக்காமல் எப்பிடிச் சொல்லலாம்?"

"தேவையில்லை அண்ணை. வயரைக் கழட்டியும் எரியுதெல்லோ."

"தேவையில்லாமல் இருக்கலாம். ஆனா நல்ல சென்சர் உங்கட பைக்குக்குள்ள போயிருக்கலாம். அதையும் பாக்கவேணும்."

சென்சரை எடுப்பதென்றால் டாங்கை வெறுமையாக்க வேண்டும். அவருடைய டாங்கின் பெற்றோல், அக்கா இடியப்பத்துக்கு மா குழைக்கும் பேசினுக்குள் இறங்கியது. என்னுடையது எங்கள் வீட்டு உடுப்பு ஊறப்போடும் வாளிக்குள். வாசலில் இருந்த சிங்களக் காவலாளி பீடியைப் பற்றவைக்க நெருப்புப் பெட்டியை எடுத்தவர், மணத்தைப் பிடித்துத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ மஹத்தயா, கிந்தர, நெருப்பு" என்று கத்தி, நெருப்புப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, கதிரையைத் தூக்கிக்கொண்டு வீதிக்குப் போய்விட்டார். மத்தியானம்வரை எதிர்ப்புற நடைபாதையில் இருந்தபடிதான் எங்கள் கட்டடத்துக்குக் காவல்.

அக்கா பல்கனியில் வந்து பார்த்தார். பேசினைக் கண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அது ஏசுவதைவிட மோசம்.

என் சென்சரை அவருடைய டாங்கில் பூட்டிப் பெற்றோலைத் திரும்ப ஊற்றினோம். லைட் எரிந்தது. அவருடையதை என்னுடையதில் பூட்டி ஊற்றினோம். என் லைட் ஒழுங்காக அணைந்தது.

"பாத்தீங்களா? உங்கட சென்சர் நல்ல சென்சர்" என்றேன்.

"அதுவும் உங்கட பைக்குக்குப் போனவுடன திருந்திட்டுது" என்றார் அண்ணை கசப்புடன்.

இனி வயரைத் தேடவேண்டும். டாங்கைக் கழற்றி அடியில் பார்த்தோம், பிழையில்லை. வயர் அங்கிருந்து சீட்டுக்குக் கீழால் ஓடியது. சீட்டைத் திறப்போம் என்றேன்.

"சீட்டுக்கு அடியில ஒண்டுமில்லை."

"ஒருக்காப் பாப்பமே."

"ஒண்டுமில்லை எண்டுறன்" என்று சொல்லி, அண்ணை சீட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். டாங்க் இல்லாத மோட்டார் சைக்கிளில், கைகளை மடித்துக்கொண்டு, எங்கும் போகாமல் அரை மணித்தியாலம் இருந்தார். நான் சலித்துப்போய் சென்சர்களைப் பழையபடி மாற்றி எல்லாவற்றையும் பூட்டினேன்.

அன்று பின்னேரம் பேக்கரியில் பாண் வாங்கப் போக என் பைக்கின் திறப்பைச் செருகித் திருகினேன். என் லைட்டும் எரிந்தது. டாங்கில் பெற்றோல் நிறைய இருந்தது. அவசரத்தில் பூட்டும்போது என் வயரும் எங்கோ நெரிபட்டிருக்க வேண்டும்.

அண்ணை எங்கிருந்தோ வந்து நின்றார். "எரியுதோ?"

"ஓம் அண்ணை."

"அணையாதோ?"

"அணையிற மாதிரி இல்லை."

அவர் முகம் மலர்ந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. சொந்தத் தம்பியை வெளிநாட்டிலிருந்து வரவேற்பவர் போல என் தோளில் கைவைத்தார். "பரவாயில்லை தம்பி, இதெல்லாம் ஒரு வருத்தமோ?" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் "உங்களுக்கென்ன" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. காலையில் இரண்டு பைக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு லைட்டும் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவார். கீழ்வீட்டிலிருந்து உழுந்து வடை வந்தது. அவருடைய அலுவலகத்திலிருந்து இலவசமாக ஒரு கலண்டர் வந்தது. எங்களுக்குள் அப்படியொரு சமாதானம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

நானோ பெற்றோல் எப்போது முடியுமென்று தெரியாமல் ஓடும் மன உறுதி இல்லாதவன். பாமன்கடையில் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது டாங்கைத் தூக்கிப் பார்த்தேன். நெரிந்த வயரை இழுத்துவிட்டு, உரிந்த இடத்தில் இன்சுலேஷன் ரேப் சுற்றினேன். சரியாகிவிட்டது. அண்ணைக்குச் சொல்லவில்லை. சொல்லாமலே மறுநாள் காலை கண்டுபிடித்தார். அணைந்திருந்த என் மீற்றரைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதோ அவருக்குச் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவன் போன்ற பார்வை அது.

சில நாட்கள் என் பைக் பக்கம் திரும்பாமலே புறப்பட்டுப் போனார். பிறகு தன் லைட்டுக்கு மேல் கறுப்பு ரேப்பை ஒட்டினார். "எரியிறது எரியட்டும்" என்றார். "நான் பாக்கமாட்டன்."

லைட்டைப் பார்க்காதவர் பெற்றோலையும் பார்க்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். படித்து முடித்துவிட்டு நீண்ட காலமாக வேலை தேடிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு வங்கியில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. அன்று காலை தூறல். நான் வேலைக்குக் கடற்கரை வீதியால் போய்க்கொண்டிருந்தேன். பம்பலப்பிட்டிக்குக் கிட்ட ஓரமாக ஒரு பைக் நின்றது. ஒரு மனிதர் அதை இடப்பக்கம் சாய்ப்பதும், குலுக்குவதும், மறுபடி உதைப்பதுமாக இருந்தார். பக்கத்தில் சேலை கட்டிய பெண் ஒருத்தி, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக் குடைக்குள் பிடித்தபடி நின்றாள். அண்ணையும் மகளும்தான்.

மழை நாளில் ஓட்டோக்கள் எல்லாம் ஆட்களோடுதான் போகும். மகள் கைகாட்டக் காட்டப் போய்க்கொண்டிருந்தன. நான் நிறுத்தி இறங்கினேன்.

"அண்ணை, என்ரேயைக் கொண்டு போங்கோ."

அவர் என் பைக்கைப் பார்த்தார். மீற்றரைப் பார்த்தார். அந்த நேரத்திலும் பார்த்தார். உதடு எதையோ சொல்ல ஆயத்தமானது.

"அப்பா, ஏறுங்கோ" என்றாள் மகள்.

அவர்கள் போனபின், நான் அலுவலகத்துக்குப் போன் செய்து வரப் பிந்தும் என்று சொல்லிவிட்டு, செத்த பைக்குக்குக் காவலாக நின்றேன். தூறல் விட்டது. அண்ணையின் பைக் திறப்பு என் கையில்தான் இருந்தது. சீட்டைத் திறந்தேன்.

உள்ளே, கோயிலில் மந்திரித்த செப்புத் தகடு ஒன்று இருந்தது. ஹாஜியார் தன் கடை வான் வண்டியில் தொங்கவிட்டிருப்பதைப் போன்ற, ஓதிக் கட்டிய சின்னப் பச்சை உறை ஒன்று. அத்தோடு என் திறப்பு வளையத்தில் கிடப்பதைப் போலவே ஒரு அந்தோனியார் பதக்கம். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, கட்டுக்கம்பியால் இறுக்கி, ஓடுகிற வயர்களோடு சேர்த்து பைக்கின் இரும்புச் சட்டத்தில் வரிந்து கட்டியிருந்தார். அந்தக் கம்பி வயரின் தோலை அறுத்து உள்ளே போயிருந்தது. பழுது அங்கேதான்.

மகளை எங்கு கொண்டுபோய் விடுவதும் அவர்தான். விண்ணப்பம் கொடுக்க, கணினி வகுப்புக்கு, நூலகத்துக்கு என்று அந்தச் சீட்டில்தான் அவள் தினமும் உட்கார்ந்து போனாள். மற்றவர்களின் வாகனங்களில் எந்தெந்தக் காவல் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒன்றும் குறையாமல் அவளுக்கும் சேர்த்திருக்கிறார்.

கம்பியை அவிழ்த்தேன். மீற்றரில் ஒட்டியிருந்த கறுப்பு ரேப்பை உரித்து, அறுபட்ட இடத்தில் சுற்றினேன். சென்சரின் வயரைக் கழற்றித் திறப்பைத் திருகினால் லைட் இப்போது அணைந்திருந்தது. வயரைத் திரும்பப் பூட்டினேன். மூன்று பேரையும் என் கைக்குட்டையில் முடிந்து, வயர் படாத மூலையில் வைத்து சீட்டை மூடினேன்.

அண்ணை திரும்பி வந்தார். சட்டை நனைந்திருந்தது. "நேரத்துக்குப் போயிட்டம். உள்ள கூப்பிட்டிட்டாங்கள்" என்றார். கடலைப் பார்த்தார், நான் சாய்ந்திருந்த கைப்பிடிச் சுவரைப் பார்த்தார். குரல் பழைய இடத்துக்கு வந்தது.

"உங்களுக்கென்ன தம்பி. வேலைக்கும் போகாமல் நல்ல கடற்காத்து."

என் டாங்கிலிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தல் பெற்றோல் எடுத்து ஊற்றி, பெற்றோல் ஷெட்வரை ஓடினோம். அவர் டாங்க் நிறைய அடித்தார். திறப்பைத் திருகினார். மஞ்சள் லைட் அணைந்தது. அவர் மறுபடி திருகினார். அணைந்தே இருந்தது.

"எப்பிடி?"

"வயர்தான் அண்ணை."

"எங்க?"

"சீட்டுக்கு அடியில."

"பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தார். அண்ணை அசையவில்லை. காது சிவந்திருந்தது. நெடுநேரம் யோசித்து, கடைசியில் எனக்கு எதிராக ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"உங்களுக்கென்ன. தேடினீங்கள், கிடைச்சிட்டுது."

மகளுக்கு வேலை கிடைத்தது, கொட்டாஞ்சேனைக் கிளையில். அவள் நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு மூவரும் போய்விட்டார்கள். லொறியில் சாமான் ஏற்றும்போது, "உங்களுக்கென்ன, நீங்கள் ஒண்டும் கட்டத் தேவையில்லை" என்றார். நான் சிரித்தேன். லொறி பிரதான வீதிக்குத் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் குசினிக் கூரை வெறும் ஒழுக்காகவே ஒழுகியது. ரயில் வெறும் சத்தமாகவே போனது. கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் நல்ல மனிதர். என்னிடம் இருக்கும் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

சில மாதங்கள் கழித்து, கொட்டாஞ்சேனையில் ஞாயிறு பூசை முடிந்து அண்ணையைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே இருந்தார். இன்னொரு மனிதரோடு பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் இரு பக்கமும் குந்தியிருந்தார். நடுவில் அக்காவின் பேசின், அதில் பெற்றோல்.

"வாங்கோ தம்பி. இவர் ஜோர்ஜ், ஹாபரில கிரேன் ஓட்டுறவர்" என்று அறிமுகம் செய்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். "ஜோர்ஜுக்கென்ன, பாருங்கோ. இவற்ர மீற்றரில ஒரு லைட்டுமில்லை. இல்லாத லைட் பழுதாகுமோ?"

ஜோர்ஜ் வெட்கத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

ஒரு மணித்தியாலம் இருந்தேன். சம்பளம் கூடவில்லை என்று சொன்னேன். வயிற்றில் புண் வந்திருக்கிறது என்றேன். கூரை முந்தியைவிட மோசமாக ஒழுகுகிறது, மேசைமேல் சட்டி வைத்துத்தான் சாப்பிடுகிறோம் என்றுகூடச் சொன்னேன். முந்திய அண்ணை என்றால் அந்தச் சட்டி ஒன்றே போதும், ஒரு வாரம் தூங்கமாட்டார். இவர் ஜோர்ஜின் கார்புரேற்றரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்பிடியோ. கவனமா இருங்கோ" என்றார்.

கவனமா இருங்கோ என்று சொல்ல எனக்கு ஊர் முழுக்க ஆள் இருக்கிறது.

வெள்ளவத்தைவரை ஜோர்ஜை நினைத்துக்கொண்டே பைக் ஓட்டினேன். அவருடைய துருப்பிடித்த மட்கார்டை நினைத்தேன். கைபிடி றப்பர் பிய்ந்து தொங்கியதை நினைத்தேன். வயிறு எரிந்தது, டொக்டர் சொன்ன புண்ணால் அல்ல. வீட்டில் மனைவி, "ஏன் முகம் இப்பிடிக் கிடக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, என்ர பெற்றோல் லைட்டில ஏதோ பிழை. டாங்க் வெறுமையா இருந்தாலும் எரியுதில்லை."

மறுபக்கத்தில் பேசின் ஒன்று தரையில் இழுபடும் சத்தம் கேட்டது.

"எரியுறதே இல்லையோ?"

"இல்லையண்ணை."

"ஒண்டிலயும் கை வையாதேங்கோ" என்றார் அண்ணை. குரலில் பத்து வயது குறைந்திருந்தது. "நான் இப்ப வாறன்."

போனை வைத்துவிட்டு, வயர் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். லைட் உண்மையில் ஒழுங்காகத்தான் எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அவர் வந்து சேர்வதற்குள் சென்சர் வயரைக் கழற்றி வைக்க வேண்டும்.